எதிர்வீட்டுப் பெரியவரின் மீன் எதையும் தொடமாட்டேன் என்கிறது: என்ன செய்வது?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தை, அவருடைய அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவர் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கணவர், மாமியார், மகன் ஆகியோருடன் வசிக்கிறார். எதிர்வீட்டில் தனியாக இருந்த சீனப் பெரியவர் பக்கவாதம் வந்து தாதிமை இல்லத்துக்குப் போய்விட்டார். வீட்டைக் காலி செய்ய வந்த அவருடைய மகன், கூடத்தில் இருந்த நான்கடிக் கண்ணாடித் தொட்டியைப் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் கொடுத்துவிட்டார். அதிலிருந்த மீனைக் கால்வாயில் விடப்போவதாகச் சொல்லியிருக்கிறார். மனம் பொறுக்காத வாசகி, மீனை வாளியில் எடுத்துக்கொண்டு வந்து, தன் மகனின் பழைய இரண்டடித் தொட்டியில் விட்டார். ஒரு சாண் நீளமுள்ள, நெற்றி புடைத்த லுவோஹான் என்ற அலங்கார மீன் அது. வயது ஐந்தோ ஆறோ இருக்கும் என்று பெரியவரின் மகன் சொன்னாராம்.

பெரியவர் வைத்திருந்த வடிகட்டியையும் வாசகி கேட்டு வாங்கி வந்தார். பழுப்பும் பிசுக்குமாக இருந்ததால் அதன் பஞ்சையும் செராமிக் வளையங்களையும் குழாயடியில் பளிச்சென்று கழுவினார். தண்ணீரை இரவு முழுவதும் வாளியில் பிடித்துவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டி நீர் முழுவதையும் மாற்றுகிறார். 12 நாட்களாக மீன் எதையும் விழுங்கவில்லை. இரண்டு வகை உருண்டைத் தீனி, ரொட்டி, சோறு, அவித்த முட்டையின் மஞ்சள் கரு, ஈரச்சந்தை இறால், கடைசியாக உயிருள்ள கப்பி மீன்கள் வரை போட்டுப் பார்த்துவிட்டார். சில சமயம் வாயில் வாங்கித் துப்பிவிடுகிறது. நிறம் மங்கிவிட்டது, நெற்றிப் புடைப்பு சிறுத்திருக்கிறது, கழிவு வெள்ளை நூல்போல வருகிறது. ஆனாலும் கண்ணாடியருகே கையைக் கொண்டுபோனால் திரும்பிப் பார்க்கிறது.

கடைக்காரர் தினமும் ஒரு பிடி உப்பும், பெயரில்லாத பொட்டலத்தில் மஞ்சள் மருந்துத் தூளும் போடச் சொன்னார். மாமியார், "வளர்த்தவரை நினைத்து ஏங்குகிறது" என்கிறார். கணவர், லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் விட்டால் புண்ணியம் என்கிறார். மகன், உறைபெட்டியில் வைத்து வேதனையை முடித்துவிடலாம் என்கிறான். வாசகியின் கேள்வி: "எந்த உணவைக் கொடுத்தால் சாப்பிடும்? சிரிஞ்சால் ஊட்டலாமா? நான் எடுத்து வந்ததே தவறா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எடுத்து வந்தது தவறே இல்லை. நீங்கள் கைநீட்டியிருக்காவிட்டால் அந்த மீன் அன்றைக்கே ஏதோ ஒரு கால்வாயில் கிடந்திருக்கும். சிங்கப்பூரில் வீட்டில் அலங்கார மீன் வளர்க்க உரிமம் எதுவும் தேவையில்லை, ஆகவே சட்டத்தைப் பற்றியும் நீங்கள் கலங்க வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் ஏற்றுக்கொள்ளாத ஒன்று உண்டு. "எந்த உணவு" என்று நான்கு இடங்களில் கேட்டிருக்கிறீர்கள். இந்த மீன் உணவில் குறை கண்டுபிடிக்கிறது என்று நான் நினைக்கவில்லை. சந்தை இறாலையும் துப்பிவிட்டு, உயிரோடு முன்னால் நீந்தும் கப்பியையும் துரத்தாத லுவோஹான், உடம்பு முடியாமல் இருக்கிறது. அது இருக்கும் தண்ணீர்தான் அதன் உடம்பைப் படுத்துகிறது என்பது, நீங்கள் எழுதிய விவரங்களிலிருந்து எனக்குக் கிட்டத்தட்ட உறுதியாகத் தெரிகிறது. ஆகவே இன்று நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், உணவு போடுவதை நிறுத்துவது. மூன்று நான்கு நாட்களுக்கு எதையும் போடாதீர்கள். மீதமுள்ள கப்பிகளையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்குப் பதறும் என்று தெரியும். பன்னிரண்டு நாள் பட்டினி கிடக்கும் உயிரை மேலும் பட்டினி போடுவதா? மீனுக்கும் நமக்கும் இங்கே பெரிய வேறுபாடு இருக்கிறது. நாம் உண்பதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவாகிறது. மீனுக்கு அந்தச் செலவே கிடையாது. லுவோஹான் சேர்ந்த சிக்லிட் குடும்பத்தில்தான் நாம் சந்தையில் வாங்கும் திலாப்பியாவும் இருக்கிறது. மொசாம்பிக் திலாப்பியாவின் தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும்போது இரண்டு வாரத்துக்கும் மேலாக ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமலேயே இருக்கும், பிறகு தேறிவிடும். நன்றாக வளர்ந்த லுவோஹானுக்கு இரண்டு மூன்று வாரப் பட்டினி உயிராபத்து அல்ல. தின்னாமல் மிதந்து அழுகும் சோறும் மஞ்சள் கருவும், 60 லிட்டர் தண்ணீரில் இரண்டே நாளில் உண்டாக்கும் நஞ்சுதான் ஆபத்து.

வடிகட்டியைக் கழுவியபோது நடந்தது

மீன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய உணவும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. வடிகட்டியில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். பெரியவரின் வடிகட்டியில் நீங்கள் பார்த்த பழுப்புப் பிசுக்கு, பல ஆண்டுகளாக அந்த மீனைக் காத்துவந்த இந்தப் பாக்டீரியாக் கூட்டம். குழாய் நீரில் அதைத் தேய்த்துக் கழுவியதும் அதில் பெரும்பகுதி போய்விட்டது. இதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் எவரும் அதைக் கழுவத்தான் செய்வார்கள், யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

புதிதாக அந்தக் கூட்டம் வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் அம்மோனியா ஏறிக்கொண்டே இருக்கும். அம்மோனியா செவுளை எரிக்கும். முதலில் போவது பசிதான். கழிவு வெள்ளை நூல்போல வருவதும் இதோடு பொருந்துகிறது. வெறும் வயிற்றில் குடலின் சளிமட்டும் வெளியேறினாலும் அப்படித்தான் தெரியும். குடல் ஒட்டுண்ணியாலும் அப்படி வரலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

தொட்டியின் அளவும் ஒரு காரணம். பெரியவர் வைத்திருந்த நான்கடித் தொட்டியில் 240 லிட்டர் வரை தண்ணீர் இருந்திருக்கும். உங்களிடம் இருப்பதில் அதில் கால்பங்குதான். ஒரு சாண் மீன் அதில் திரும்புவதே கடினம், கழிவும் நான்கு மடங்கு விரைவாகச் செறியும். இரண்டொரு மாதத்துக்குள் நான்கடித் தொட்டிக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். முடியாவிட்டால் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் மீனை ஒப்படைப்பது மதிப்பான முடிவே. மீனைக் கைவிடுவதாக அதை நினைக்க வேண்டாம். நிரம்பிய நான்கடித் தொட்டி தாங்கியோடு சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, உறுதியான தாங்கியில், சுவரை ஒட்டி வையுங்கள்.

குழாய் நீர்

தண்ணீரை இரவு முழுவதும் பிடித்துவைத்தால் "மருந்து வாடை" போய்விடும் என்பது ஊரில் நம் பெற்றோர் காலத்திலிருந்து வரும் வழக்கம். வெறும் குளோரின் கலந்த தண்ணீருக்கு அது சரி. பொதுப் பயனீட்டுக் கழகம் இங்கே குழாய் நீரில் பயன்படுத்துவது, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின். அது ஓரிரவில் ஆவியாகாது, நாள்கணக்கில் தண்ணீரிலேயே நிற்கும். நமக்கு அதனால் தீங்கில்லை. மீனுக்கோ அது செவுள் வழியே நேராக இரத்தத்தில் கலக்கிறது. தொட்டி நீர் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றும் ஒவ்வொரு முறையும், நிறைந்த அளவு குளோரமினில் உங்கள் மீன் நின்றிருக்கிறது.

கடையில் "குளோரின் நீக்கி" என்று கேட்டால் பெரும்பாலும் தையோசல்பேட் மட்டுமே உள்ள மலிவான கரைசலைத் தருவார்கள். அது குளோரமினை உடைத்துக் குளோரினை அடக்கிவிடும், ஆனால் உடைந்ததில் மிஞ்சும் அம்மோனியா தண்ணீரிலேயே தங்கிவிடும். உங்கள் தொட்டியில் ஏற்கனவே அம்மோனியாதான் சிக்கல். ஆகவே புட்டியின் மேல் "குளோரமினையும் அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும்" என்று தெளிவாக எழுதியிருக்கும் நீர்ப் பக்குவியை வாங்குங்கள். விலை சில வெள்ளி கூடுதலாக இருக்கும், தயங்காதீர்கள்.

நம் குழாய் நீர் சற்றுக் காரத்தன்மைப் பக்கம் சாய்ந்தது. அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். அதில் நச்சுள்ள வடிவம், காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஒரு அலகு கூடினால் ஏறத்தாழ பத்து மடங்கு கூடுகிறது. வெப்பமும் அதைக் கூட்டும். குளிர்நாட்டுக்காரர் ஒருவர் "கொஞ்சம் அம்மோனியா இருந்தால் பரவாயில்லை" என்று காணொளியில் சொல்வதை நம் 29 டிகிரித் தண்ணீருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கொசு மருந்து

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஒன்று என்னை மிகவும் கவலைப்படுத்தியது. உங்கள் புளோக் டெங்கிப் பரவல் பகுதியில் இருப்பதால், தினமும் மாலையில் சோபாவுக்குப் பின்னாலும் திரைச்சீலைகளிலும் கொசு மருந்து தெளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தொட்டி அதே கூடத்தில்தான் இருக்கிறது. இந்தத் தெளிப்பான்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மனிதர்களுக்கு ஓரளவு பாதுகாப்பானது, மீன்களுக்குக் கடும் நஞ்சு. தொட்டியின் காற்றுப் பம்பு அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழியாக அனுப்புகிறது, மருந்தும் அதோடு சேர்ந்து போகிறது.

டெங்கியைத் தடுக்க மருந்து தெளிப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன், வீட்டில் மாமியார் இருக்கிறார். தெளிப்பதற்குமுன் காற்றுப் பம்பை அணைத்து, தொட்டியை ஈரத்துணியோ பிளாஸ்டிக் விரிப்போ கொண்டு மூடுங்கள். கூடத்தில் தொட்டி இருக்கும் பக்கம் தெளிக்கவே வேண்டாம். பிறகு சன்னல்களைத் திறந்து வைத்து, காற்று நன்றாக மாறியபின் மூடியதை எடுத்துப் பம்பைப் போடுங்கள். மீனுக்கு உயிர்வளி வேண்டும், ஆகவே மூடியதை மறந்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். புளோக்கில் புகை அடிக்க வருவதாக அறிவிப்பு வந்தாலும் இதையே செய்யுங்கள். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் பம்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இந்த வாரம்

முதலில், சொட்டு மருந்து முறையில் வேலை செய்யும் நீர்ச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். காகிதப் பட்டைகளைவிட அது நம்பகமானது. சிராங்கூன் நார்த் பக்கம் மீன் கடைகள் நிறைய இருக்கின்றன, அங்கே கிடைக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் போதும். எண்களைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். நீர்ப் பக்குவி அம்மோனியாவைக் கட்டிவைத்த பிறகும் பல சோதனைப் பெட்டிகள் அதைச் சேர்த்தே காட்டும் என்பதால், எண் உடனே இறங்கவில்லையே என்று இரட்டிப்பாக மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

முழு நீர் மாற்றத்தை இன்றோடு நிறுத்துங்கள். நாளுக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு, அம்மோனியா லிட்டருக்கு அரை மில்லிகிராமைத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் பக்குவியை முதலிலேயே கலந்து, தொட்டியின் வெப்பத்துக்கு வந்தபின் மெதுவாக ஊற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒருமுறை அலசிப் பிழிந்தால் போதும். வளையங்களைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு வழி, ஆறு வாரக் காத்திருப்பைச் சில நாட்களாகக் குறைக்கக்கூடியது: நோயில்லாத, பல மாதங்களாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாரிடமாவது வடிகட்டியின் பழைய பஞ்சில் ஒரு துண்டைக் கேளுங்கள். ஈரம் காயாமல் அவர் தொட்டி நீரிலேயே போட்டுக் கொண்டுவந்து உங்கள் வடிகட்டியில் வையுங்கள். மகனின் நண்பர்களில் மீன் வளர்ப்பவர் ஒருவராவது இருப்பார்.

தொட்டியின் மூன்று பக்கங்களைத் தாளால் மறையுங்கள். விளக்கை அணைத்தே வையுங்கள். வாசல் கதவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆள் நடமாட்டம் குறைந்த சுவரோரம் நகர்த்துங்கள். பாதி நீரை எடுத்துவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து நகர்த்த வேண்டும்.

மீண்டும் உணவுக்கு

அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தை நெருங்கி, மீன் மூலையைவிட்டு வெளியே வந்து நீந்தத் தொடங்கியபின் உணவைப் பற்றி யோசிக்கலாம். இதில் என்னைவிட நன்றாக வழிகாட்டக்கூடியவர் ஒருவர் இருக்கிறார்: அந்தப் பெரியவர். பெரியவரின் மகனிடம் தாதிமை இல்லம் எது என்று கேட்டு, முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். பேச்சு குழறினாலும், தீனிப் பொட்டலங்களின் படங்களைக் கைப்பேசியில் காட்டினால் சுட்டிக்காட்டுவார். என்ன தீனி, எந்த நேரம், கையிலிருந்து கொடுப்பாரா மேலிருந்து போடுவாரா, மிதக்கும் தீனியா மூழ்குவதா என்று கேளுங்கள். லுவோஹான்கள் ஒரே வழக்கத்துக்குப் பழகிவிடும் மீன்கள். ஆண்டுக்கணக்கில் மாலை ஏழு மணிக்கு விரலிடையிலிருந்து வாங்கித் தின்ற மீன், காலையில் மேலிருந்து கொட்டப்படும் உருண்டையை உணவாகவே எண்ணாமல் இருக்கலாம். தான் வளர்த்த மீன் உயிரோடு இருக்கிறது என்பது அவருக்கும் தெரிய வேண்டிய செய்திதானே.

அவரிடமிருந்து எதுவும் தெரியவில்லை என்றால் இப்படித் தொடங்குங்கள். உப்புப் போடாத பச்சை இறாலை ஓடும் குடல் நரம்பும் நீக்கி, மீனின் கண் அளவுக்குச் சிறு துண்டாக நறுக்குங்கள். ஒரே ஒரு துண்டு. குச்சியின் நுனியில் வைத்து, மீனின் முகத்துக்கு நேராக நீட்டாமல் சற்றுப் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். பத்து நிமிடத்தில் எடுக்கவில்லையென்றால் வெளியே எடுத்துவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு வாருங்கள். ஒரே நாளில் திரும்பத் திரும்ப முயல்வதுதான் பெரும்பாலான வீடுகளில் காரியத்தைக் கெடுக்கிறது. உறைந்த இரத்தப்புழு, மண்புழு, மாவுப்புழு ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு நாள் முயலலாம். பூண்டுச் சாற்றில் தீனியை ஊறவைப்பது வாடையால் சில மீன்களை ஈர்க்கும். அதை மருந்தாக நம்ப வேண்டாம்.

மூன்று நான்கு நாள் ஒழுங்காக வாங்கித் தின்றால், இறாலுக்குள் ஊறவைத்த தீனி உருண்டை ஒன்றைச் செருகிக் கொடுங்கள். பிறகு இறாலின் பங்கைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வெறும் இறாலும் புழுவும் நெடுநாளைக்குப் போதாது. வைட்டமின்கள் சேர்ந்த நல்ல உருண்டைத் தீனிதான் இதற்கு அன்றாட உணவாக இருக்க வேண்டும். நலமாக இருக்கும் மீன் உருண்டையை மறுத்தால், ஒருநாள் பட்டினி போட்டு மறுநாள் அதையே கொடுக்கலாம். அந்தக் கண்டிப்பு நலமான மீனுக்கு மட்டும்தான், இப்போதைக்கு உங்கள் மீனிடம் வேண்டாம்.

சோறு, ரொட்டி, மாட்டிறைச்சி, ஈரல் எதுவும் இனி வேண்டாம். உயிர்மீன்களும் வேண்டாம். கடையில் தீனிக்காக நெருக்கமாக அடைத்து விற்கும் மீன்கள் ஒட்டுண்ணிகளைச் சுமந்து வரும். தங்கமீன் போன்றவற்றில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதியும் இருக்கிறது. உயிர்மீனுக்கு மட்டுமே பழகிய லுவோஹானை உருண்டைக்குத் திருப்புவது மாதக்கணக்கான வேலை, அந்தப் பழக்கத்தை நீங்களே தொடங்கிவைக்காதீர்கள்.

உப்பு, மருந்து, சிரிஞ்சு

உப்பு கெட்டதல்ல. லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில் அது நைட்ரைட் இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்க உதவும். ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தினமும் ஒரு பிடி போட்டால் சேர்ந்துகொண்டே போகும். உங்கள் தொட்டிக்கு மொத்தமாக 60 கிராம். இதுவரை போட்டது நீர் மாற்றத்தில் போய்விட்டதென்றால் இதை ஒருமுறை கரைத்து ஊற்றுங்கள். பிறகு நீர் மாற்றும்போது, வெளியே எடுத்த லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் மட்டும் சேருங்கள்.

மஞ்சள் தூளைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். பெயரும் அளவும் எழுதாத பொட்டலத்திலிருந்து எந்த உயிருக்கும் மருந்து கொடுக்கக் கூடாது. கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் பல, வடிகட்டியில் புதிதாக முளைக்கும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். சிக்லிட் மீன்களுக்கு ஸ்பைரோநியூக்ளியஸ் எனும் குடல் ஒட்டுண்ணி வருவது உண்மை. வெள்ளைக் கழிவு, ஒட்டிய வயிறு, நாளடைவில் தலையில் சிறு குழிகள் ஆகியவை அதன் அறிகுறிகள். அதற்கு மெட்ரோனிடசோல் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் புதுக் கழிவை நுண்ணோக்கியில் பார்த்து மருத்துவர்தான் அதை முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் சரியாவதற்கு முன்னால் எந்த மருந்தும் பலிக்காது.

சிரிஞ்சால் ஊட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். காணொளியில் எளிதாகத் தெரியும். வலையில் பிடித்து, தண்ணீரைவிட்டு வெளியே எடுத்து, வாயைத் திறந்து அழுத்தும்போது செவுளும் தொண்டையும் கிழியக்கூடும், உடம்பைக் காக்கும் சளிப்படலமும் போய்விடும். மிக நலிந்த மீனுக்கு மயக்க மருந்து கொடுத்து, குழாய்வழியே ஊட்டுவது மருத்துவமனையில் செய்யும் வேலை.

மூச்சு வேகமாக இருந்தாலோ, மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறினாலோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தாலோ, வயிறு ஊதிச் செதில்கள் நிமிர்ந்து நின்றாலோ உடனே மருத்துவரை அழையுங்கள். இவை எதுவும் இல்லாமல், சோதனை எண்கள் ஒரு வாரம் தொடர்ந்து சரியாக இருந்தும் மீன் உண்ணவில்லை என்றாலும் அழையுங்கள். இங்கே எல்லா விலங்கு மருத்துவர்களும் மீன் பார்ப்பதில்லை. முன்கூட்டித் தொலைபேசியில் "மீனுக்குச் சிகிச்சை உண்டா, வீட்டுக்கு வருவீர்களா" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் மற்றவர்கள் சொல்வது

உங்கள் மாமியார் சொன்னதை நான் ஒதுக்கமாட்டேன். சுங்கை பூலோ சதுப்புநிலத்தில், வாயிலிருந்து நீரைப் பீய்ச்சிப் பூச்சிகளை வீழ்த்தும் ஆர்ச்சர் மீன்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மீன்களுக்கு ஒரு மனித முகத்தின் படத்தைப் பழக்கினால், 44 புதிய முகங்களுக்கு நடுவிலும் அதைப் பிரித்தறிகின்றன என்று 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. லுவோஹான் வளர்ப்பவர்கள் எல்லாருமே, அது தங்களை அடையாளம் கண்டுகொள்கிறது என்பார்கள். நம்மைப்போல அது துக்கம் காக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது. பழகிய ஆள், பழகிய தொட்டி, பழகிய நேரம் எல்லாம் ஒரே நாளில் மறைந்தது அதைக் கலக்கியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாமியாரிடமே ஒரு வேலை கொடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் தொட்டியருகே சிறிது நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கட்டும்.

உங்கள் கணவரிடம் நீங்கள் கொஞ்சம் அழுத்தமாகவே பேச வேண்டும். லுவோஹான் 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்க சிக்லிட் மீன்களைக் கலந்து உருவாக்கப்பட்ட கலப்பினம். எந்த ஆறும் அதற்குச் சொந்த ஊர் அல்ல. 2000களின் தொடக்கத்தில் இங்கே அந்த மீன்மீது பெரும் மோகம் இருந்தது, உடம்பின் கரும்புள்ளிகளில் நான்கிலக்க லாட்டரி எண் தேடியவர்களும் உண்டு. மோகம் தணிந்ததும் பல மீன்கள் நீர்நிலைகளில் கொட்டப்பட்டன. பிழைத்தவை உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்னும், பிழைக்காதவை பட்டினியிலும் நோயிலும் மெல்லச் சாகும். புண்ணியம் என்று எண்ணி விடுவதைத் தடுக்கத்தான் தேசியப் பூங்காக் கழகம் விசாக தினத்தையொட்டி ஆண்டுதோறும் விழிப்புணர்வு இயக்கம் நடத்துகிறது. வனவிலங்குச் சட்டத்தின்கீழ் அனுமதியின்றி விலங்குகளை இயற்கையில் விடுவது குற்றம். வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது விலங்குகள், பறவைகள் சட்டத்தின்கீழும் குற்றம். முதல்முறை குற்றவாளிக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இன்றைய நிலையில் நலிந்திருக்கும் இந்த மீனை நீர்த்தேக்கத்தில் விட்டால் அது ஒரு வாரம் தாங்காது.

மகன் இரக்கத்தில்தான் சொல்கிறான், கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் உறைபெட்டி வேதனையற்ற முறை அல்ல. வெப்பநாட்டு மீன் ஒன்று குளிரில் நெடுநேரம் கிடந்துதான் உயிரைவிடும். மீட்க முடியாத நிலை என்று மருத்துவர் சொன்னால், மயக்க மருந்தால் அமைதியாக முடிக்க அவருக்குத் தெரியும். அந்த முடிவுக்கு நாம் இன்னும் வரவே இல்லை. உங்கள் கை அசைவுக்குத் திரும்பிப் பார்க்கும் மீனைக் காப்பாற்ற முடியும் என்றுதான் நான் நம்புகிறேன். வேண்டுமானால் நீர்ச் சோதனையையும் குறிப்பேட்டையும் அவன் பொறுப்பில் விடுங்கள்.

ஏழு நாள் சோதனை எண்களையும், மீன் மூச்சு விடுவது தெளிவாகத் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு நிமிடக் காணொளியையும் எனக்கு அனுப்புங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவற்றோடு, தொட்டி நீரை ஒரு சுத்தமான புட்டியிலும், புதிதாக வெளியேறிய கழிவை அதே நீருடன் இன்னொரு சிறு புட்டியிலும் எடுத்துச் செல்லுங்கள்.